நூற்றுக்கு 78 விவசாயிக்கு என்றால் மொரீஷியஸ் கரும்புக்காரர்களுக்கு என்ன குறை?

3 ஆகஸ்ட் 2024, கடலூர் வாசகர் ஒருவரின் கேள்வி

மொரீஷியஸில் சர்க்கரையில் நூற்றுக்கு 78 பங்கு கரும்பு விவசாயிக்கு, 22 மட்டுமே ஆலைக்கு என்று படித்தேன். இங்கே ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, வெட்டிய பிறகு பணத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். 78 பங்கு கிடைத்தும் உங்கள் ஊர் சிறு விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போடுகிறார்கள் என்றால் நம்ப முடியவில்லை. உழைக்க மனமில்லை என்றுதானே பொருள்?

3 ஆகஸ்ட், இரவு

கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. என் அப்பா 41 ஆண்டுகள் கரும்பு போட்டவர். அவருக்குப் பிறகு 12 ஆண்டுகளாக நான் போடுகிறேன். தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நிலம் இரண்டு ஆர்ப்பாங், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். ஆகவே பதில் சொல்ல உரிமை இருக்கிறது.

78, 22 என்பது உண்மை. ஆனால் அது பணத்தைப் பங்கிடும் கணக்கு அல்ல, சர்க்கரையைப் பங்கிடும் கணக்கு. ஆலை என் கரும்பை விலைக்கு வாங்குவதில்லை. அரைத்துக் கொடுக்கிறது, அரைவைக் கூலியாக 22 பங்கு சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. மீதி 78 பங்கு என்னுடையது. அதை நான் விற்பதில்லை. 1919இல் தொடங்கிய சர்க்கரை சிண்டிகேட் தீவின் சர்க்கரை முழுவதையும் விற்று, சராசரி விலை ஒன்றைக் கணக்கிட்டு எல்லாருக்கும் அதையே கொடுக்கிறது. பத்தாயிரம் ஆர்ப்பாங் எஸ்டேட்டுக்கும் எனக்கும் ஒரு டன்னுக்கு ஒரே விலை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் முன்னோர் நல்ல ஏற்பாட்டையே விட்டுச் சென்றார்கள் என்பேன்.

2021இல் என் நிலத்தில் 46 டன் கரும்பு. சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைப்பது, நூற்றுக்குப் பத்து என்று வையுங்கள். 4.6 டன் சர்க்கரை. அதில் என் பங்கு ஏறக்குறைய 3.6 டன். அந்த ஆண்டுகளில் சிறு விவசாயிக்கு முதல் 60 டன் சர்க்கரை வரை டன்னுக்கு 25,000 ரூபாய் என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. பெருக்கினால் 90,000 ரூபாயைத் தொடவில்லை. மொரீஷியஸ் ரூபாய்தான். ஓர் ஆண்டு முழுவதற்கும்.

4 ஆகஸ்ட்

செலவை எழுதாமல் விட்டுவிட்டேன்.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். வெட்டுவதற்குக் கூலி உண்டு. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை மூன்றும் என் 78இலிருந்து போகின்றன. அந்த ஆண்டு 40,000 ரூபாயைத் தாண்டியது. உரம், களை, மறுதாம்பில், அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பில், விட்டுப்போன இடங்களில் கரணை என்னும் விதைத்துண்டு நடுவது எல்லாம் தனி. வெட்ட ஆள் கிடைப்பதே பாடு. என் தெருவில் கத்தி பிடித்தவர்களில் கடைசி ஆள் 63 வயதுக்காரர். அவர் பிள்ளைகள் ஹோட்டலிலும் கணினி அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? இயந்திரம் வரும், ஆனால் கல் நிறைந்த சிறு துண்டு நிலத்துக்குள் அது இறங்காது.

அப்பாவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு, கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் ‘வந்தது’, வலப்பக்கம் ‘போனது’. வலப்பக்கம் எப்போதும் அடுத்த பக்கத்துக்கு ஓடும். இடப்பக்கத்தில் நான்கைந்து வரிகள்தான்.

4 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

கேட்டவருக்காக: ஆர்ப்பாங் என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அளவு. 0.42 ஹெக்டேர், உங்கள் ஏக்கரைவிடச் சற்றே பெரியது. அதில் நூறில் ஒரு பங்கு ஒரு பெர்ச்.

5 ஆகஸ்ட்

புயலை மறந்ததற்கு என் பக்கத்து வீட்டம்மா கோபித்துக்கொண்டார். 1960இல் காரோல் புயல் அடித்தபோது அவருக்கு ஆறு வயது. கரும்பு தரையோடு பாய் விரித்தது போல் படுத்துக் கிடந்ததாம்.

புயல், வறட்சி, தீ, மிகை மழை ஆகியவற்றுக்கு 1940களிலிருந்தே இங்கே சர்க்கரைக் காப்பீட்டு நிதி இருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் 1 முதல் 15 வரை ஒரு தரவரிசை உண்டு. நஷ்ட ஈடு பெறாமல் பல ஆண்டு ஒழுங்காகப் பயிர் செய்தால் வரிசையில் ஏறுவோம். ஏற ஏறப் பாதுகாப்பும் கூடும். அப்பா தன் தரவரிசையை மதிப்பெண் போலச் சொல்லிக்கொள்வார். செலவை ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் பலர் சேர்ந்து சுமப்பது எப்படி என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

9 ஆகஸ்ட்

இப்போது சக்கை. இதை எழுதவே இத்தனை நாள் தயங்கினேன், ஏனென்றால் எழுதினால் நிறுத்தத் தெரியாது.

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சர்க்கரை நூறு கிலோவும் சொச்சமும். ஈரச் சக்கை ஏறக்குறைய 300 கிலோ. அந்தக் காலத்தில் ஆலை அதை எரித்துப் பாகு காய்ச்சியது, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று திண்டாடியது. யாரும் அதைப் பங்கு கேட்கவில்லை. 78, 22 என்ற பேச்செல்லாம் சர்க்கரை ஒன்றே செல்வமாக இருந்த காலத்துப் பேச்சு.

1957இல் ஓர் ஆலை மிச்ச மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் விற்கத் தொடங்கியது. 1980களில் ஆண்டு முழுவதும் மின்சாரம் தரும் நிலையங்கள் ஆலைகளை ஒட்டி எழுந்தன. அறுவடைக் காலத்தில் சக்கை எரியும், மற்ற மாதங்களில் இறக்குமதி நிலக்கரி எரியும். 2000இல் பெல்வூவில் 70 மெகாவாட் நிலையம் வந்தது. மின்சார வாரியத்துடன் நீண்டகால ஒப்பந்தம், நிச்சயமான விலை. சர்க்கரை விலை உலகச் சந்தையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மின்சாரம் அசையாமல் காசு கொடுத்தது.

எங்களுக்கு? 1985இல் சக்கைக்கென்று ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அப்பாவின் நோட்டில் இடப்பக்கம் ‘சக்கை’ என்று ஒரு வரி அப்போது முளைத்தது. அவர் கையெழுத்து அந்த வரியில் மட்டும் சிறியதாக இருக்கும். ஒரு வாரத்து ரொட்டிக்குக்கூடப் போதாத தொகை. ‘சாறு ஒருவனுக்கு, சக்கை ஒருவனுக்கு என்பது பழைய கதை. இங்கே இரண்டும் அங்கேயே போகிறது’ என்று அவர் சொல்லும்போது அம்மா சிரிப்பார், அவர் சிரித்ததில்லை.

2021இல்தான் அரசு ஒரு பெரிய மாற்றம் செய்தது. சக்கையில் எடுக்கும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3.50 ரூபாய் என்ற கணக்கில், விவசாயிக்கு ஒரு டன் சர்க்கரைக்கு 3,300 ரூபாய் சக்கைக்காக. என் 3.6 டன்னுக்கு ஏறக்குறைய 11,800 ரூபாய். அந்த ரசீதைப் பார்த்தபோது அப்பா இல்லையே என்று அழுதேன். பிறகு அவர் உயிரோடு இருந்த ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம், அந்தத் தொகையை இங்கே எழுதவில்லை.

10 ஆகஸ்ட்

மின்நிலையத்தில் வேலை பார்த்த என் அக்கா மகன் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். அவன் சொன்ன திருத்தத்தை அப்படியே வைக்கிறேன்.

‘சின்னம்மா, 46 டன் கரும்பின் சக்கை 14 டன் என்றால், முழுவதும் மின்சாரமாகிவிடுவதில்லை. சாறு காய்ச்ச நீராவி வேண்டும். அதற்கும் அதே சக்கைதான். மேலும் ஈரச் சக்கை மூன்று டன்னுக்கு மேல் எரித்தால்தான் ஒரு டன் நிலக்கரியின் சூடு வரும். கொதிகலன் போட்ட செலவை யார் கொடுத்தார்கள்?’

அவன் சொல்வது சரி. கொதிகலனுக்குக் கடன் வாங்கியவர்கள் எங்களோடு அதைப் பகிரவில்லை என்பதும் உண்மை, அந்தக் கடனின் சுமையை நாங்கள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. என் 14 டன்னும் நிலக்கரிக்கு ஈடு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது தவறு.

ஆனாலும் ஒரு கேள்வி அவனிடமும் கேட்டேன். எரிபொருள் என் வயலில் விளைகிறது. நிலக்கரி தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தால் முதல் கிலோவிலிருந்தே விலை கொடுக்கிறார்கள். என் சக்கை லாரியில், என் செலவில் வருகிறது. அதற்கு விலை போட ஏன் இத்தனை ஆண்டுகள்? அவன் சிறிது நேரம் பேசவில்லை.

13 ஆகஸ்ட்

இந்த மாதத்தில் ஒரு நினைவு. 1937 ஆகஸ்ட், தீவின் கிழக்கே யூனியன் ஃப்ளாக்.

ஊபா என்று ஒரு கரும்பு ரகம். நார் மிகுந்தது, கல்லிலும் கட்டாந்தரையிலும் வரும், நோய் தாங்கும். சிறு விவசாயிகள் வைத்திருந்தது பெரும்பாலும் மட்டமான நிலம். எஸ்டேட்டுகள் துண்டு போட்டு விற்றபோது நல்ல நிலத்தை விற்கவில்லை. ஆகவே ஊபா நட்டார்கள். ஆலைகளோ அதில் சர்க்கரை குறைவு என்று விலையில் நூற்றுக்கு 15 குறைத்தன. கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். பின் ஹூப்பர் தலைமையில் விசாரணைக் குழு வந்தது, தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

யூனியன் ஃப்ளாக் ஆலையின் உரிமையாளர் இந்திய வம்சாவளிக் குடும்பத்தவர். வெள்ளைக்கார முதலாளி, கறுத்த தொழிலாளி என்று கதையை எளிதாக்கி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பிறகு படித்தபோது வெட்கமாக இருந்தது. தராசு யார் கையில் இருக்கிறது என்பதே அன்று சண்டையாக இருந்தது. பிடித்த கையின் நிறம் எதுவாக இருந்தாலும் 15 பங்கு குறைந்திருக்கும்.

கடலூர் ஐயா, உங்களுக்கு இது புரியும். கட்டுமானம் குறைவு என்று சொல்லி உங்கள் ஊரிலும் விலையைக் குறைப்பார்கள் அல்லவா?

14 ஆகஸ்ட்

அவர் பதில் எழுதியிருக்கிறார். இந்தியாவில் 2024–25 பருவத்துக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கரும்பு விலையான ஆதாய விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய், 10.25 கட்டுமானத்துக்கு. கட்டுமானம் கூடினால் கூடுதல். தமிழ்நாட்டின் பல ஆலைகளில் கட்டுமானம் அந்த அளவைத் தொடுவதே இல்லை என்கிறார்.

இந்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழுவையும் நினைவுபடுத்தினார். 2012இல் அந்தக் குழு சொன்னது: சர்க்கரை வருவாயை மட்டும் கணக்கில் எடுத்தால் விவசாயிக்கு 75 பங்கு, சக்கை, மொலாசஸ், ஆலைக்கழிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 70 பங்கு. தமிழ்நாடு 2018இல் இந்த வருவாய்ப் பங்கீட்டைச் சட்டமாக்கியது. அதற்குப் பிறகு மாநில அரசு அறிவிக்கும் பரிந்துரை விலை போய்விட்டது என்று அங்கே விவசாயிகளுக்கு மனக்குறை.

இதை நான் முன்பு அறிந்திருக்கவில்லை. எதை நூறு என்று வைத்துப் பங்கு போடுகிறோம் என்பதை அந்தக் குழு வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. நாங்கள் 78 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டோம். எங்களுக்குச் சர்க்கரையில் 78 இருந்தது. நூறு எங்கே முடிகிறது என்று கேட்க நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டோம்.

17 ஆகஸ்ட்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. அப்போது வடக்கே பல ஆலைகள் இருந்தன.

1986. எனக்கு 20 வயது. லாரியோடு அப்பா என்னையும் அழைத்துப் போனார், சீட்டில் உள்ள எண்ணைப் படிக்க. வாசலில் நாற்பது வண்டிகள். உள்ளே ஏதோ பழுது, அரைவை நின்றுவிட்டது. எஸ்டேட்டின் சொந்த வண்டிகள் பக்கத்து வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அன்று இரவு லாரிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்தோம். மறுநாள் பிற்பகல் கரும்பின் வெட்டு வாய் சிவந்து, புளித்த வாடை வரத் தொடங்கியது. வெட்டிய கரும்பு ஒவ்வொரு மணி நேரமும் சர்க்கரையை இழக்கும். அப்பா ஒரு துண்டை ஒடித்துக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ‘படித்துக் கொடு’ என்று சீட்டை என்னிடம் நீட்டினார். எடையும் குறைந்திருந்தது.

பழுது ஆலையுடையது. இழப்பு முழுவதும் எங்களுடையது. எந்தக் காப்பீட்டிலும் இது வராது. 78, 22 என்று பங்கிடுபவர்கள் இந்த இழப்பையும் அதே விகிதத்தில் பங்கிட்டிருந்தால் நான் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

18 ஆகஸ்ட்

நேற்று கோபத்தில் எழுதினேன். எழுதியது எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஆலையின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை, ஏனென்றால் சென்ற பத்து ஆண்டுகளில் என் எண்ணம் மாறியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவில் 250க்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. இன்று மூன்று: வடக்கே பெல்வூ, கிழக்கே யூனியன் ஃப்ளாக், தெற்கே லா பராக். லாபத்தில் மிதந்திருந்தால் இத்தனை ஆலைகள் மூடியிருக்காது. 1975இல் ஐரோப்பாவுடன் செய்த லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறை ஆண்டுக்கு ஏறக்குறைய 5,07,000 டன்னுக்கு ஐரோப்பாவில் நல்ல விலையை உறுதி செய்தது. 2006 முதல் அந்த விலையை 36 சதவீதம் குறைத்தார்கள். 2017இல் ஐரோப்பிய பீட் சர்க்கரையின் உற்பத்தி வரம்பும் போயிற்று. 2018 அறுவடைக்குச் சிண்டிகேட் கொடுத்த விலை டன்னுக்கு 9,000 ரூபாய்க்கும் கீழே. அந்த ஆண்டு ஆலையின் 22 பங்கும் அதே விலைக்குத்தான் போனது.

வேலியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது 22 என்பது பறிப்பு போலத் தெரிந்தது. ஆலை மூடிய ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். கரும்பை இன்னும் 15 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். கரும்பை நட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக விட்டார்கள். அரைக்க ஆள் இல்லாவிட்டால் என் 78 பங்கும் வயலிலேயே காயும்.

25 ஆகஸ்ட்

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் செயிண்ட் ஆந்த்ரேயிலிருந்து ஒரு சகோதரர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே கோல், புவா ரூஜ் என்று இரண்டே ஆலைகள். விவசாயிகளும் ஆலையும் அரசும் உட்கார்ந்து பல ஆண்டு ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்கிறார்கள். அதில் கரும்பு விலை ஒரு வரி, சக்கைக்கான ஊக்கத்தொகை தனி வரி. 2022இல் அந்த வரிகளுக்காகவே டிராக்டர்களைக் கொண்டுவந்து நிறுத்திப் போராடினார்கள், அறுவடையே தள்ளிப்போனது.

அவர்களுக்குப் பின்னால் பிரான்ஸின் கருவூலம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஆனாலும் ‘சக்கை’ என்ற சொல் ஒப்பந்தத் தாளில் தனி வரியாக நிற்பதைப் படித்ததும் அப்பாவின் சிறிய கையெழுத்துத்தான் கண்ணில் வந்தது.

1 செப்டம்பர்

அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பங்குச் சான்றிதழ் கிடைத்தது. 1994. சர்க்கரை ஏற்றுமதி வரியை அரசு நீக்கியபோது, அதற்கு ஈடாக ஆலைக் கம்பெனிகளின் பங்குகளில் 20 சதவீதத்தை விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்குமாக ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுக்க வைத்தார்கள். அப்பா கூட்டத்துக்குப் போக வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தது நினைவிருக்கிறது. கத்தியோடும் கூடையோடும் ஆலை வாசலில் நின்றவர் முதல்முறை பங்குதாரராக நாற்காலியில் உட்காரப் போகிறார்!

கைக்கு வந்த ஈவுத்தொகை பெரிதல்ல. ஆனால் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை வந்தது. அவர் ஒவ்வோர் ஆண்டறிக்கையையும் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

நிலத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 2001 முதல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ரொக்கமும் வீடு கட்ட 7 பெர்ச் மனையும் கொடுத்தார்கள். 7 பெர்ச் என்றால் 300 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் செலவை ஈடுகட்ட எஸ்டேட்டுகள் விளைநிலத்தை வரியின்றி மாற்றி விற்கச் சட்டம் வழி செய்தது. 2002இல் வெளிநாட்டவர் வில்லா வாங்கும் திட்டம் வந்தது. விலை குறைந்தது 5 லட்சம் டாலர். கரும்பு வெட்டியவருக்கு 7 பெர்ச். அவர் வெட்டிய வயலில் நீச்சல் குளத்தோடு வில்லா. இதில் சட்டப்படி குற்றம் எதுவும் நடக்கவில்லை. தொழிலாளிக்கு வீடு கிடைத்தது, என் சித்தப்பா அந்த மனையில்தான் இன்று வாழை வைத்திருக்கிறார். ஆனால் ஓய்வுத் திட்டத்தின் செலவு ஒருமுறை முடிந்துவிட்டது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றத்தில் அவருக்கு ஒரு பெர்ச்சும் இல்லை.

2 செப்டம்பர்

‘நிலம் அவர்களுடையது, விற்றால் உங்களுக்கு ஏன் பங்கு’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

8 செப்டம்பர்

இன்னும் யோசிக்கிறேன். அதற்குள் வேறொன்று.

2009இல் கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் கோவில் கூடத்தில் நடக்கும் மாலைத் தமிழ் வகுப்புக்கு அந்தப் பணத்தில்தான் பெஞ்சுகள் வந்தன. பன்னிரண்டு பெஞ்சு, பச்சை வண்ணம். அதற்கு முன் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்து எழுதுவார்கள். 2017 முதல் அந்தப் பணத்தில் பாதிக்குக் குறையாமல் ஒரு தேசிய அமைப்புக்குப் போக வேண்டும் என்று மாற்றினார்கள். பிறகு அந்தப் பங்கு இன்னும் உயர்ந்தது. எங்களுக்கு உதவி செய்த அலுவலர், ‘இனி எங்கள் கையில் அதிகம் இல்லை, விண்ணப்பம் எழுதுங்கள்’ என்றார். எழுதினோம். எழுதிக்கொண்டேயிருக்கிறோம்.

முதலில் கோபப்பட்டேன். பிறகு ஒன்று தோன்றியது. ஆலையோ ஹோட்டலோ இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பழைய ஏற்பாட்டில் பெஞ்சு எங்கிருந்து வந்திருக்கும்? எங்கள் ஊர் அதிர்ஷ்டக்கார ஊராக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு எண்ணங்களும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை இன்னும் வெல்லவில்லை.

27 செப்டம்பர்

இன்றைய தேதியில், 1943இல், பெல்வூ ஹாரெலில் கூலிக்காகப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. இறந்த நால்வரில் அஞ்சலை கூப்பன் கர்ப்பிணி. அவர் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. போகும் பிள்ளைகளிடம் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள்.

6 அக்டோபர்

2 செப்டம்பர் கேள்விக்கு என் பதில்.

எங்கள் நிலத்தின் நடுவில் ஒரு கல் மேடு இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல், கருங்கல். இந்தத் தீவில் எங்கே போனாலும் கரும்புக்கு நடுவே இந்த மேடுகளைப் பார்க்கலாம். எரிமலைக் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தலையில் சுமந்து அடுக்கியவர்கள் கூலிகளாக வந்த எங்கள் முன்னோர். அந்தக் கல்லை எடுத்திராவிட்டால் அங்கே கரும்பு இல்லை, எஸ்டேட் இல்லை, இன்று வில்லாவுக்கு விற்கச் சமதளமும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது அன்றைய கூலியும் அரிசியும் பருப்பும். பத்திரம் எஸ்டேட்டின் பெயரில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நிலத்தின் மதிப்பில் ஒரு பகுதி அந்தத் தலைச்சுமையில் உண்டானது என்றே சொல்கிறேன். அதற்குச் சட்டத்தில் பெயர் இல்லாமல் இருக்கலாம்.

2007ஐ ஒட்டி, சிறு நிலங்களை ஒன்றுசேர்த்துக் கல் அகற்றித் தரும் அரசுத் திட்டம் வந்தது. பக்கத்து நிலங்களில் புல்டோசர் இறங்கியது. எங்களுடையது சேரவில்லை, ஏனென்றால் பத்திரத்தில் தாத்தாவின் பெயரே இருந்தது. வாரிசுகள் 11 பேர். மூன்று பேர் பிரான்ஸில், ஒருவர் இருக்குமிடமே தெரியாது. கையெழுத்து சேரவில்லை. கடலூர் ஐயா, நிலம் தரிசாகக் கிடப்பதற்கு மனமில்லாமை காரணமா என்று கேட்டீர்களே, எங்கள் பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் ஐந்து துண்டுகளில் மூன்றுக்குக் கதை இதுதான்.

7 அக்டோபர்

கூட்டுறவு பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு. 1913இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இங்கே தொடங்கின. வட்டிக்காரரிடமும் கூலிகளை மேய்த்த சிர்தாரிடமும் கடன்பட்டு அறுவடைக்கு முன்பே கரும்பை எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது மூச்சு. இப்போது எங்கள் சங்கம் நியாய வணிகச் (Fairtrade) சான்று பெற்றது. ஒரு டன் சர்க்கரைக்கு 60 டாலர் கூடுதல் வருகிறது, அதை எப்படிச் செலவழிப்பது என்று உறுப்பினர்களே கை தூக்கி முடிவு செய்கிறோம். சென்ற முறை உரமா, லாரி வாடகைக்கு உதவியா என்று இரவு ஒன்பது மணி வரை சண்டை. உரம் வென்றது. நான் லாரிக்கு வாக்களித்தேன், தோற்றேன். இப்படித் தோற்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

15 டிசம்பர்

அறுவடை முடிந்தது. 39 டன். குறைவுதான், மறுதாம்பு எட்டாவது ஆண்டு, வேர் களைத்துவிட்டது.

3 ஆகஸ்ட் குறிப்பில் ஒரு பிழை. 2021 ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கட்டுமானம் பத்து இல்லை, 9.7. ஆக என் பங்கு 3.6 அல்ல, ஏறக்குறைய 3.5 டன். அங்கே போட்ட தொகைகளையும் சக்கைக் கணக்கையும் அதற்கேற்பக் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸில் இருக்கும் மூன்று பேரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மிச்சம். மேல்பாதியில் பழைய கட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கரணை நடப்போகிறேன். வெட்ட வந்த அந்த 63 வயதுக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: ‘அடுத்த வருஷமும் என்னையே கூப்பிடுவீர்களா அம்மா?’ கூப்பிடுவேன் என்றேன்.